வெளுத்த கையும் ஆயுள் ரேகையும்

“ஏனுங் டாக்டரே, ஆயுள் ரேகை பாதியிலயே நின்னு போச்சாமுங்க. இனி மருந்து சாப்பிட்டு ஏதாச்சும் பிரயோசனம் இருக்குதுங்களா?”

ஈரோட்டுப் பக்கம் தறிக்குடோனில் தார் (நெசவுக்கான நூல்கண்டு) சுற்றும் பெண். வயது 42. கோயிலுக்குப் போன இடத்தில் கைரேகை பார்த்த ஒருவர் அப்படிச் சொல்லி ஆறு மாதமாகிறது. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. களைப்பு, படபடப்பு எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்.

கையை வாங்கிப் பார்த்தேன். விரல்களை விரித்தால் ரேகைக்குள் லேசாகச் சிவப்பு தெரிய வேண்டும். அவருக்கு உள்ளங்கையும் ரேகையும் ஒரே வெளுப்பு. ஹீமோகுளோபின் 6 கிராம். பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். இரண்டு வருடமாக மாதவிலக்கு பத்து நாள் நீள்கிறதாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி.

கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் மடக்கிப் பாருங்கள். தோல் மடிகிற இடம்தான் ஆயுள் ரேகை. தாய் வயிற்றில் மூன்று மாதம் முடிவதற்குள் இந்தப் பெரிய மடிப்புகள் விழுந்துவிடும். மண்வெட்டியைப் பிடிக்கும்போது தோல் திரளாமல் இருப்பது இவற்றால்தான். ஆயுளை இதில் எங்கே தேடுவது?

நாங்களும் கையைப் பார்ப்போம். மடிப்புகள் புதிதாகக் கறுத்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் கோளாறு இருக்கலாம். மடிப்போடு மஞ்சள் கோடு ஓடினால் கொழுப்பைச் சோதிக்க வேண்டும். (எங்கள் ஊரில், மஞ்சள் வேகவைத்த கையா என்று முதலில் கேட்டுக்கொள்வேன்.) குழந்தையின் உள்ளங்கையில் குறுக்கே ஒரே ரேகை ஓடினால் சிலர் பயந்துவிடுகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவி மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகளிடம் அது அதிகம் என்பது உண்மை. நன்றாக இருக்கும் பலருக்கும் அப்படி இருக்கிறது, அதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

ரேகை பார்த்தவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் பேசியிருக்கிறார். அதற்கு முன்பு போன ஆஸ்பத்திரியில் கையைத் தொடாமலே சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்களாம். அந்தப் பெண் யாரை நம்புவார்? இதில் என் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது. அந்த ஆறு மாதம் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ரத்தம் ஏற்றி, கட்டிக்கு வைத்தியம் பார்த்து, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம். நாலு மாதம் கழித்து வந்தவர், கேட்காமலே கையை மேசைமேல் விரித்து வைத்தார். ஹீமோகுளோபின் 11. ரேகை அதே இடத்தில்தான் நின்றிருந்தது, உள்ளே சிவப்பு ஓடியிருந்தது.

“பெரிய புள்ளைக்கும் கை வெளுத்தாப்பல இருக்குதுங்க. நாளைக்குக் கூட்டியாரட்டுங்களா?” என்றார்.