ஏழு விதமாகத் தள்ளுகிறீர்கள், ஒரு விதமாவது இழுக்கிறீர்களா?

போன மாதம் மட்டும் ஜிம்மிலிருந்து தோள்வலியோடு என்னிடம் பிசியோதெரபிக்கு நாலு பேர் வந்தார்கள். நாலாவதாக வந்தவருக்கு 26 வயது, மூன்று வருடமாக ஜிம்முக்குப் போகிறார். வலது கையைப் பின்னால் கொண்டுபோய் பேண்ட் பாக்கெட்டிலிருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை, இடது கையால் சுற்றி வளைத்து எடுத்தார். உட்கார்ந்ததும் சொன்னது, "பெஞ்சை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்க மேடம்."

மொபைலில் எழுதி வைத்திருந்த அட்டவணையைக் காட்டச் சொன்னேன். திங்கள்: பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளுவது), இன்க்ளைன், டிக்ளைன், டம்பெல் பிரஸ், டம்பெல் ஃப்ளை, பெக் டெக், டிப்ஸ். ஏழும் தள்ளுகிற வேலை. வியாழன் அதே வரிசை, கூடவே ஷோல்டர் பிரஸ். முதுகுக்கு? சனிக்கிழமை லேட் புல்டவுன் (மேலிருந்து கம்பியைக் கீழே இழுப்பது) மூன்று செட். பக்கத்திலேயே "டைம் இருந்தா" என்று ஒரு குறிப்பு.

அவரைக் குப்புறப் படுக்கவைத்து, 1 கிலோ டம்பெல்லைக் கொடுத்து, கையைத் தலைக்கு மேலே சாய்வாக நீட்டித் தூக்கச் சொன்னேன். எட்டாவது தடவையில் கை நடுங்கியது. வலிக்கிற கை நடுங்குவது சகஜம், அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. அதனால் வலியே இல்லாத இடது கையிலும் செய்யச் சொன்னேன். அது பத்தாவதில் நடுங்கியது. 80 கிலோ பெஞ்ச் தூக்குகிற பையன், தோள்பட்டையைப் பின்னாலிருந்து பிடிக்கிற தசைகளில் பலமே இல்லை.

வருடக்கணக்கில் பலம் சேர்க்க நினைக்கிறவர்களுக்கு ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது), பெஞ்ச், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (தலைக்கு மேலே தள்ளுவது) இந்த நாலும்தான் பிரதானம். மற்றதெல்லாம் துணைப் பயிற்சி. துணை என்றால் பிரதானத்தில் விட்டுப்போனதை அது பார்த்துக்கொள்ள வேண்டும். பெஞ்சுக்குத் துணையாக இன்னும் ஆறு பெஞ்சைச் சேர்ப்பது, சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு தட்டு சாதம் வைக்கிற மாதிரி.

ஏன் இத்தனை என்று கேட்டேன். வருகிற எல்லோரும் சொல்கிற பதிலையேதான் அவரும் சொன்னார்: "ஒரே எக்ஸர்சைஸ் செஞ்சா உடம்பு பழகிடும் மேடம். மாத்திக்கிட்டே இருக்கணும்னு மாஸ்டர் சொன்னார்."

இந்தப் 'பழகிடும்' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பழகுவதற்காகத்தானே பயிற்சி செய்கிறோம்? தசையும் எலும்பும் நரம்பும் ஒரு சுமைக்குப் பழகிவிட்டால் அதற்குப் பெயர்தான் பலம். பழகியதும் ஏற்ற வேண்டியது எடையை. அப்போது பயிற்சியையே மாற்றிவிட்டால் திரும்பவும் முதல் படியில்தான் நிற்பீர்கள். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற டாக்டர், காயம்பட்ட வீரர்களின் தொடைத் தசையைத் தேற்றியதும் இந்த வழியில்தான். முழங்காலை நீட்டுகிற அதே அசைவு, எடை மட்டும் படிப்படியாக ஏறும். 1945-ல் அதை எழுதி வெளியிட்டார். பிசியோதெரபி படித்த எல்லோருக்கும் இந்தப் பெயர் மனப்பாடம்.

புதுப் பயிற்சி ஒன்றை ஆரம்பித்தால் முதல் சில வாரம் எடை மளமளவென்று ஏறும். அதில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் அந்த அசைவைக் கற்றுக்கொள்வதால் வருவது. தசையின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிய வருவது அதற்கு அப்புறம்தான். மூன்றாவது வாரமே வேறொன்றுக்குத் தாவுகிறவர் வருடம் முழுக்கக் கற்றுக்கொண்டே இருக்கிறார், வளர நேரமே கொடுப்பதில்லை. தசையை எலும்போடு இணைக்கிற தசைநாண்கள் தசையைவிட மெதுவாகத் தேறுகிறவை, அவற்றின் கதி இன்னும் மோசம்.

"மாத்தினாதான் மறுநாள் உடம்பு வலிக்குது, அப்போதானே வேலை செஞ்ச மாதிரி இருக்கு" என்பார்கள். பழக்கமில்லாத வேலை எதைச் செய்தாலும் ஒன்று முதல் மூன்று நாள் வலிக்கும். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறினாலும் வலிக்கத்தான் செய்யும், அதனால் பலம் கூடிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அதே பயிற்சியை அடுத்த வாரம் செய்தால் வலி குறையும். தசை தன்னைக் காத்துக்கொள்ளக் கற்றிருக்கிறது, நல்ல செய்திதான் அது. அதைப் போய் "இது வேலை செய்யலை" என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடுகிறார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? பிரதானப் பயிற்சிகள் விட்டுவைத்த இடத்தை முதலில் பாருங்கள். தள்ளுகிற ஒவ்வொரு செட்டுக்கும் இழுக்கிற ஒரு செட்டாவது வேண்டும்: ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), புல்-அப்ஸ், ஃபேஸ் புல் (கேபிளை முகத்தை நோக்கி இழுப்பது). பெஞ்சில் படுக்கும்போது தோள்பட்டை எலும்பு பலகையில் அழுந்தி நிற்கிறது, நகர வழியில்லை. தண்டால் எடுக்கும்போது அது விலாவைச் சுற்றி நன்றாக நகர்கிறது. நம் ஊரில் தாத்தா காலத்திலிருந்து இருக்கிற அந்தத் தண்டால், பெஞ்சுக்கு அருமையான துணை. காசும் கிடையாது. ஸ்குவாட் முன்தொடைக்கு நிறையக் கொடுக்கும், பின்தொடைக்குக் கொஞ்சம்தான். அதற்கு ரொமேனியன் டெட்லிஃப்ட் (முழங்காலை அதிகம் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது) அல்லது லெக் கர்ல் (மெஷினில் முழங்காலை மடக்குவது), ஏதாவது ஒன்று போதும்.

அப்புறம், உங்கள் தூக்கல் எங்கே சிக்குகிறது என்று கவனியுங்கள். பெஞ்சில் பாதிக்கு மேல் கம்பி நின்றுவிடுகிறதா? டிரைசெப்ஸுக்கு (மேல்கையின் பின்பக்கத் தசை) கிளோஸ் கிரிப், அதாவது கைகளை நெருக்கிப் பிடித்துச் செய்கிற பெஞ்ச் வையுங்கள். டெட்லிஃப்ட்டில் முதுகு சோர்வதற்கு முன்பே விரல் பிடியை விட்டுவிடுகிறதா? வார்ம்-அப் செட்டிலேயே பிடிக்கு உதவுகிற ஸ்ட்ராப்பை மாட்டுவதை நிறுத்துங்கள். பக்கத்து மேடையில் இருக்கிறவருக்குச் சிக்குகிற இடம் வேறு. அவருடைய பட்டியலை ஏன் காப்பி அடிக்கிறீர்கள்?

இடுப்பு முதுகுக்குக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதை யாருமே செய்வதில்லை. ஸ்குவாட், டெட்லிஃப்ட், குட் மார்னிங் (கம்பியைத் தோளில் வைத்து இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது), குனிந்து செய்கிற பார்பெல் ரோ நாலும் நாலு தலைப்பில் எழுதியிருக்கும். சுமப்பது அதே இடுப்பு. முதல் இரண்டும் கனமாக இருக்கிற வாரத்தில் ரோவை நெஞ்சைப் பலகையில் சாய்த்துச் செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று துணைப் பயிற்சி போதும். பிரதானம் முடிந்த பிறகுதான் செய்ய வேண்டும். மூன்று செட், 8 முதல் 12 ரெப்ஸ் (தடவை), இன்னும் இரண்டு எடுக்க முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் எடையை அடுத்த அளவுக்கு ஏற்றிவிட்டுத் திரும்ப 8-ல் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு மாற்றாதீர்கள். மூட்டு வலித்தால் மட்டும் அப்போதே மாற்றுங்கள், அதற்குக் காத்திருக்க வேண்டாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு பெஞ்சில் படுக்காதீர்கள், தயவுசெய்து. இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, கையில் மரத்துப்போவது, திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போவது, இதெல்லாம் யூடியூப் பார்த்துச் சரிசெய்கிற விஷயம் இல்லை. டாக்டரைப் பாருங்கள். தாமதித்து வருகிறவர்களோடு நான் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

அந்தப் பையனின் திங்கட்கிழமையில் இப்போது பெஞ்ச், நெஞ்சைச் சாய்த்துச் செய்கிற ரோ, ஃபேஸ் புல், தண்டால் நாலே வரிதான். பெஞ்ச் 50 கிலோவோடு நிற்கிறது, வலிக்காத உயரம் வரைதான் கம்பியை இறக்குகிறார். வியாழக்கிழமையிலும் தள்ளலுக்கு ஈடாக இழுப்பு சேர்த்தாயிற்று. நேற்று மூன்றாவது வாரம், பார்க்க வந்தார். 1 கிலோவை நடுங்காமல் 15 தடவை தூக்கினார். பர்ஸ் வரைக்கும் கை போகிறது, எடுக்கும்போது மட்டும் முகம் சுளிக்கிறது. "டிப்ஸ் எப்போ மேடம்?" என்று கேட்டார். முதலில் பர்ஸை எடுங்கள் தம்பி, அப்புறம் பேசுவோம் என்று சொல்லியிருக்கிறேன்.