கோப்பி ஓ கோசோங்கும் நான்கு லட்சம் அமெரிக்கர்களும்

அப்பா ஒரு காலத்தில் நாளைக்கு ஆறு கோப்பி குடிப்பார். காலையில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குள் நுழையும் முன் ஒன்று, மீன் வாங்கி முடித்ததும் ஒன்று, மீதியெல்லாம் வேலையிடத்தில். நாற்பது வருடப் பழக்கம். வயிற்றுப்புண் வந்து, பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் கண்டித்துச் சொன்னதும் ஒரே நாளில் விட்டுவிட்டார். அடுத்த மாதமே யாராவது படிவத்தோடு வந்து, "ஐயா, நாளைக்கு எத்தனை கோப்பி?" என்று கேட்டிருந்தால், "குடிக்கிறதில்லை" என்றுதான் சொல்லியிருப்பார். பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் படிவத்தைப் படிக்கிறவருக்கு அப்பா யார்? கோப்பியே தொடாமல் வயிற்றுப்புண்ணோடு இருக்கும் ஒரு மனிதர்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒரு நாள் "காப்பி குடித்தால் ஆயுள் கூடும்" என்று அனுப்புவார். மூன்று மாதம் கழித்து அவரே "காப்பி இதயத்துக்கு ஆகாது" என்று அனுப்புவார். இரண்டுக்குப் பின்னாலும் ஏதோ ஓர் ஆய்வு இருக்கத்தான் செய்யும். அந்த ஆய்வுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் அந்தப் பதில்தான் ஞாபகம் வருகிறது.

1981-இல் கிட்டத்தட்ட இதுவே நடந்தது. ஹார்வர்டின் பிரையன் மெக்மேன் குழுவினர், கணையப் புற்றுநோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு, காப்பி குடிப்பவர்களுக்கு அந்த நோய் கூடுதலாக வருகிறது என்று எழுதினார்கள். பெரிய பரபரப்பு. கோளாறு புற்றுநோயாளிகள் பக்கம் இல்லை, ஒப்பிட எடுத்துக்கொண்டவர்கள் பக்கம் இருந்தது. அவர்கள் அதே மருத்துவர்களிடம் வேறு நோய்களுக்காக வந்து, அதே மருத்துவமனைகளில் இருந்தவர்கள். கணையத்தைப் பார்க்கிற மருத்துவரிடம் வேறு யார் வருவார்கள்? வயிறு, குடல் என்று அவதிப்படுகிறவர்கள்தான். அவர்களில் பலர் அப்பாவைப் போலவே காப்பியைக் குறைத்தவர்கள். இந்தப் பக்கம் காப்பி குறைந்துபோனதால் அந்தப் பக்கம் அதிகமாகத் தெரிந்தது. 1986-இல் அதே குழு மறுபடி ஆராய்ந்தபோது பழைய அளவுக்குத் தொடர்பு தென்படவில்லை. அதற்குள் எத்தனை பேர் காப்பியை விட்டார்களோ!

காப்பி குடிக்காதவர்கள் என்ற கூட்டத்துக்குள் பிறந்ததிலிருந்தே குடிக்காதவர்களும் இருப்பார்கள், நோய் வந்ததால் விட்டவர்களும் இருப்பார்கள். இரண்டாம் வகையினர் சீக்கிரம் இறந்தால், காப்பி குடிக்காததால் இறந்ததுபோலக் கணக்கு காட்டும். கவனமான ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே புற்றுநோய், இதயநோய் உள்ளவர்களை நீக்கிவிடுகிறார்கள்; முதல் சில வருடங்களில் இறந்தவர்களையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். மாமா அனுப்பும் செய்தியில் இந்த விவரம் இருக்காது.

அடுத்த சிக்கல் சிகரெட். 2006-இல் தடை வரும்வரை நம் கோப்பிக்கடை மேசைகளில் கோப்பிக் கோப்பையும் சாம்பல் கிண்ணமும் ஜோடியாகத்தான் இருந்தன. உலகில் பல இடங்களிலும் அப்படித்தான்: காப்பி நிறையக் குடிப்பவர்களில் புகைப்பவர்கள் அதிகம். பனைமரத்தடியில் உட்கார்ந்து பால் குடித்தாலும் கள் என்பார்களே, அந்த நிலைமைதான் காப்பிக்கு. 2012-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அமெரிக்காவில் 50 முதல் 71 வயதுவரை உள்ள ஏறத்தாழ 4 லட்சம் பேரை 1995-இலிருந்து 2008 வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. வயதை மட்டும் சரிசெய்து பார்த்தால் காப்பி குடித்தவர்கள் கூடுதலாக இறந்திருந்தார்கள். புகைப்பழக்கத்தையும் வேறு சில காரணங்களையும் கணக்கில் சேர்த்ததும் முடிவு அப்படியே புரண்டது. நாளைக்கு 6 கோப்பையோ அதற்கு மேலோ குடித்த ஆண்களுக்கு இறப்பு அபாயம் சுமார் 10 விழுக்காடும், பெண்களுக்குச் சுமார் 15 விழுக்காடும் குறைவு!

அதே மக்கள், அதே கோப்பை. கணக்கில் சில வரிகளைச் சேர்த்ததும் நஞ்சு மருந்தாகிவிட்டது. எனக்கு இது நம்பிக்கையையும் தருகிறது, பயத்தையும் தருகிறது. புகைப்பது தெரிந்த காரணம், அதனால் கேட்டார்கள். கேட்கத் தோன்றாத காரணங்கள் இன்னும் எத்தனை? வசதி, தூக்கம், காலையில் வெளியே போய் நாலு பேரைப் பார்க்கும் தெம்பு... கோப்பிக்கடைவரை நடந்துபோக முடிகிற 75 வயதுக்காரர், நடக்க முடியாதவரைவிடத் தெம்பாக இருப்பதற்குக் கோப்பியையா காரணம் சொல்வது?

ஆய்வில் சேருகிறவர்களும் எல்லாரையும் போன்றவர்கள் இல்லை. பிரிட்டனின் புகழ்பெற்ற யூகே பயோபேங்க் ஆய்வில் சுமார் 5 லட்சம் பேர் சேர்ந்தார்கள். அழைப்பு போனவர்களில் அவர்கள் 100-க்கு 6 பேர்கூட இல்லை. அக்கறையாகப் படிவம் நிரப்பி, இரத்தம் கொடுக்கப் போகிறவர் பொதுவாகவே உடம்பைக் கவனித்துக்கொள்கிறவராக இருப்பார்.

சரி, கோப்பைக்கு வருவோம். "நாளைக்கு எத்தனை கோப்பை?" என்ற கேள்வியை நம் ஊர்க் கடையில் கேட்டுப் பாருங்கள். கோப்பி என்றால் கெட்டிப்பால் போட்டது. கோப்பி ஓ பால் இல்லாமல் சர்க்கரையோடு. கோப்பி சி ஆவியாக்கிய பாலோடு. கோசோங் என்றால் இனிப்பே இல்லை, சியூ டாய் என்றால் குறைவு, காவ் என்றால் திடம், போ என்றால் தண்ணி. கொட்டையும் பெரும்பாலும் ரொபஸ்டா. அராபிகாவைவிட அதில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாததற்குச் சர்க்கரையும் வெண்ணெய்யோ மார்ஜரினோ சேர்த்து வறுப்பார்கள். அமெரிக்கர் ஒருவர் காகித வடிகட்டியில் இறக்கிய மெல்லிய காப்பி ஒரு குவளை குடித்தாலும் படிவத்தில் "1". தேக்காவில் ஒருவர் கோப்பி காவ் குடித்தாலும் "1".

வடிகட்டும் விதம் சின்ன விஷயம் இல்லை. காப்பிக்கொட்டையின் எண்ணெய்யில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது. அது கெட்ட கொழுப்பை ஏற்றும். 1980-களில் நார்வேயில் காப்பி நிறையக் குடித்தவர்களுக்குக் கொழுப்பு கூடியிருந்ததைப் பார்த்துக் குழம்பினார்கள். அங்கே பலர் தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டாமல் குடித்தார்கள். காகித வடிகட்டி அந்த எண்ணெய்யைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும் என்பது பிறகு தெரிந்தது. கோப்பிக்கடையின் நீண்ட துணிச் 'சாக்ஸ்' ஒரு ரகம், நம் வீட்டுப் பித்தளை ஃபில்டர் இன்னொரு ரகம். காகிதத்துக்குச் சொன்ன முடிவை இரண்டுக்கும் அப்படியே பொருத்த முடியாது.

சிங்கப்பூரிலேயே பெரிய ஆய்வு ஒன்று உண்டு. 1993 முதல் 1998 வரை, 45 முதல் 74 வயதுள்ள 63,257 பேரை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் குடியிருந்தவர்களை, நேரில் சந்தித்து 165 உணவு வகைகளைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து 2008-இல் வந்த முடிவு: நாளைக்கு 4 கோப்பையோ கூடுதலாகவோ குடித்தவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் சுமார் 30 விழுக்காடு குறைவு. 2014-இல் இன்னொன்று: நாளைக்கு 2 கோப்பைக்குக் குறையாமல் குடித்தவர்களிடம், ஹெபடைட்டிஸ் கிருமியால் வராத கல்லீரல் இறுக்கத்தால் இறப்பது 66 விழுக்காடு குறைவு. நம் ஊர்க் கோப்பி, நம் ஊர் மனிதர்கள். நல்லதுதான். ஆனால் பெயரைக் கவனியுங்கள்: 'சிங்கப்பூர் சீனர் சுகாதார ஆய்வு'. பங்கேற்றவர்கள் ஹொக்கியன், கன்டனீஸ் வழிவந்த சீனர்கள். நீரிழிவு அதிகம் தாக்கும் நம் வீடுகளுக்கு அந்த 30 விழுக்காடு பொருந்துமா என்று அந்த ஆய்வு சொல்ல முடியாது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரையும் சேர்த்து நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நடத்தும் ஹீலியோஸ் போன்ற ஆய்வுகள் பிந்தி வந்தவை.

விழுக்காடு என்ற சொல்லே கொஞ்சம் மாயக்காரச் சொல். ஒரு வயதுக் குழுவில் வருடத்துக்கு 1,000 பேரில் 10 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அபாயம் 10 விழுக்காடு குறைந்தால் 9 பேர் இறப்பார்கள். "காப்பியால் 1,000 பேரில் ஒருவர் தப்பலாம்" என்று எழுதினால் மாமாகூட அனுப்பமாட்டார்.

அப்படியானால் சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குக் காப்பி, பாதிப் பேருக்கு வெந்நீர் என்று பிரித்துச் சோதித்துவிடலாமே? மருந்துகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். யார் காப்பி குடிப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்வதால் சிகரெட், வசதி, வயிற்றுப்புண் எல்லாம் இரண்டு பக்கமும் சமமாகப் பரவிவிடும். இப்படிச் சோதிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, காய்கறி, பழங்களில் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற பொருள் நல்ல உதாரணம். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று, மக்களைக் கவனித்து மட்டும் பார்த்த ஆய்வுகள் சொன்னதால், பின்லாந்தில் புகைப்பிடிக்கும் 29,133 ஆண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து அந்தப் பொருளை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம்.

காப்பியில் இருபது வருடத்துக்கு இப்படிச் செய்ய முடியாது. "நீங்கள் 2045 வரை காப்பி குடிக்கக் கூடாது" என்றால் யார் கேட்பார்கள்? அதனால் சின்னச் சின்னதாகச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 100 பேருக்கு உடம்பில் கருவிகளை ஒட்டி, 14 நாள், தினமும் கைப்பேசியில் "இன்று குடி", "இன்று வேண்டாம்" என்று செய்தி அனுப்பினார்கள். 2023-இல் வந்த முடிவு எனக்குப் பிடித்தமானது, ஏனென்றால் அது எந்தப் பக்கமும் சாயவில்லை. காப்பி குடித்த நாள்களில் சுமார் 1,000 காலடிகள் கூடுதலாக நடந்தார்கள். தூக்கம் சுமார் 36 நிமிடம் குறைந்தது. இதயத்தின் கீழறைகளில் அவ்வப்போது வரும் கூடுதல் துடிப்பு அதிகமானது, மேலறைகளில் அப்படி ஒன்றும் கூடவில்லை. இரண்டு வாரத்தில் அவ்வளவுதான் தெரியும். ஆயுளைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

மரபணு வழியும் ஒன்று உண்டு. சிலருக்குப் பிறப்பிலேயே காப்பி மேல் நாட்டம் கூடுதல்; அந்த மரபணுவை யாரும் கேட்டு வாங்கவில்லை என்பதால் அது இயற்கை குலுக்கிப் போட்ட சீட்டு மாதிரி. கோபன்ஹேகனில் 93,000-க்கும் மேற்பட்டோரை இப்படிப் பார்த்தபோது, அந்த மரபணு உள்ளவர்களுக்கு நீரிழிவு குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதே மரபணு கஃபீனை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றவும் செய்கிறது. ஆக இதுவும் முழுத் தெளிவு இல்லை.

இவ்வளவையும் படித்த பிறகு நான் எதை நம்புகிறேன்? காப்பி கொல்லும் என்ற பயத்தை விட்டுவிட்டேன். காப்பியால் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரலாம் என்று 1991-இல் சந்தேகப்பட்ட அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பார்த்து 2016-இல் அந்தச் சந்தேகத்தை விலக்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்கு ஆகாது என்று எச்சரித்தது. கோப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றி உறிஞ்சிய அந்தக் காலத்துத் தாத்தாக்கள் கெட்டிக்காரர்கள். கல்லீரலுக்கு நல்லது என்பதைப் பாதிக்கு மேல் நம்புகிறேன். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு பழக்கமுள்ள மக்களிடம் அதே திசையில் முடிவு வருகிறது. ஆயுள் கூடும் என்பதை நம்பவில்லை. கஃபீன் நீக்கிய காப்பி குடிப்பவர்களுக்கும் அதே அளவு ஆயுள் கூடுவதாகக் கணக்கு காட்டும்போது, கொட்டையிலுள்ள வேறு ஏதோ பொருள் வேலை செய்கிறதா, காப்பி குடிக்கிற வகை மனிதர்களே தெம்பானவர்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கெட்டிப்பால் விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. அதில் இருப்பது சர்க்கரை, அதற்கு எந்த ஆய்வும் வேண்டாம்.

போன மாதம் அம்மாவை ஒரு சுகாதார ஆய்வுக்கு அழைத்துப் போனேன். கேள்வி கேட்ட பெண் நல்ல மாதிரி, தமிழிலேயே பேசினாள். "ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீங்க ஆன்ட்டி?"

"ரெண்டு" என்றார் அம்மா, யோசிக்காமல்.

காலையில் டம்ளரில் ஒன்று, மாலையில் ஒன்று. சரிதான். பத்து மணிக்கு அப்பாவுக்குத் தெரியாமல் குடிக்கும் அரை டம்ளரும், பக்கத்து புளோக் அத்தை வந்தால் போடுவதும் அம்மாவின் கணக்கில் காப்பியே இல்லை. அந்தப் பெண் 2 என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.