ஹீட் பம்ப்: வெப்ப எக்கியா, வெப்ப இறைப்பியா?

திருவல்லிக்கேணியில் எங்கள் சித்தப்பா ஒரு மேன்சன் நடத்துகிறார். தெருப்பக்கம் தேக்கு உத்தரமும் மெட்ராஸ் டெரஸ் கூரையுமான பழைய கட்டடம். பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு மாடி மட்டும் கான்கிரீட். போன மார்கழியில் அங்கே மூன்று கீசர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. வைகுண்ட ஏகாதசிக்கு விடியற்காலை பார்த்தசாரதி கோயிலுக்குப் போக வந்து தங்குகிறவர்கள் மூன்றரை மணிக்கே வெந்நீர் கேட்பார்கள். விற்பனையாளர் ஒருவர் வந்து, இனி கீசர் வேண்டாம், ஹீட் பம்ப் போடுங்கள் என்று சொல்லி விலைப்பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் தமிழ் ஒரே ஒரு வரி: ‘வெப்ப எக்கி – 1’.

சித்தப்பா அதை மூன்று முறை படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். “வெப்ப எக்கி… அப்புறம் என்ன செய்யுமாம்? வாக்கியத்தைப் பாதியில் விட்டிருக்கிறார்களே. நீதான் புரூப் பார்க்கிறவன் ஆயிற்றே, சொல்லு.”

கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும் நியாயமானது. ‘எக்கி’ என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது பரணில் இருக்கும் டப்பாவைக் குதிகால் தூக்கி எக்கி எடுப்பது. அடுத்தது வயிற்றை எக்கிக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பது. எச்சமாகவே காதில் விழுந்து பழகிய சொல்லைத் திடீரென்று பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் வாசகர் வினையைத் தேடத்தான் செய்வார். இத்தனைக்கும் பாடநூல் வழக்கில் பம்புக்கு எக்கி என்பது ஏற்கப்பட்ட சொல். தாழ இருப்பதை மேலே எட்டச் செய்வது என்ற பொருளில் அதை ஆக்கியவர்கள் யோசித்துத்தான் ஆக்கியிருக்கிறார்கள்.

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். சென்னையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கீழே சம்ப், மேலே டேங்க். தண்ணீர் தானாக மேலிருந்து கீழேதான் வரும். கீழிருந்து மேலே போக வேண்டுமென்றால் மோட்டார் போட வேண்டும். மோட்டார் தண்ணீரைத் தயாரிப்பதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. வெப்பமும் அப்படித்தான். சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத் தானாகப் போகும். குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு அதை ஏற்ற வேண்டுமானால் வேலை செய்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் எந்திரம்தான் ஹீட் பம்ப்.

கீசருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் மின்சாரத்தையே வெப்பமாக மாற்றுகிறது. 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக அதற்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் தேவை. எவ்வளவு உயர்ந்த கீசராக இருந்தாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது. ஹீட் பம்ப் அதே வேலையை ஏறக்குறைய ஒரு யூனிட்டில் முடித்துவிடும். மீதி இரண்டு யூனிட் மொட்டைமாடிக் காற்றிலிருந்து வருகிறது. கொடுத்த மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு வெப்பம் கிடைக்கிறது என்ற இந்தக் கணக்குக்குச் செயல்திறன் கெழு என்று பெயர்.

காற்றில் ஏது இரண்டு யூனிட் என்று சித்தப்பா கேட்டார். எந்திரத்தின் குழாய்க்குள் ஓடும் திரவம் அழுத்தம் குறைந்த பக்கத்தில் பத்து, பதினைந்து டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். நம் ஊர்க் காற்று 30 டிகிரி. அந்தத் திரவத்துக்கு அது எரிகிற அடுப்பு. அடுப்பில் வாங்கிய வெப்பத்தோடு வரும் ஆவியைக் கம்ப்ரஸர் நெருக்குகிறது, ஆவி மேலும் சூடாகிறது, தொட்டி நீரிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது. சிறு துவாரம் ஒன்றின் வழியே புகுந்து அழுத்தம் குறைந்து, பழையபடி காற்றிடம் கையேந்தப் போய்விடுகிறது. பனி கொட்டும் ஊர்களில் இந்த எந்திரம் இதைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். ஜனவரி இரவிலும் இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத சென்னை அதற்கு மாமியார் வீடு.

இந்த எந்திரம் நமக்குப் புதியதும் அல்ல. பிரிட்ஜும் ஏ.சி.யும் ஹீட் பம்புகள்தான். அவற்றில் நாம் கவனிப்பது எடுக்கிற பக்கத்தை, இதில் கொடுக்கிற பக்கத்தை, அவ்வளவுதான் வித்தியாசம். மேன்சனிலிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் ஐஸ் ஹவுஸ் வரும், இன்றைய விவேகானந்தர் இல்லம். 1842இல் பிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வணிகர், தம் நாட்டு ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்கக் கட்டியது. அன்று குளிர்ச்சி என்பது கப்பலில் வந்து இறங்கும் சரக்கு. வெப்பத்தை இடம் மாற்றும் எந்திரங்கள் உள்ளூரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் படுத்துவிட்டது. ஏரியாப் பெயர் மட்டும் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் இன்றும் ஓடுகிறது.

இனி சொல்லின் வரலாறு. ‘பம்ப்’ ஆங்கிலத்துக்கு டச்சுப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். முதலில் கப்பலின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் கருவிக்கு வழங்கியது. நீர் கொப்பளிக்கும் ஓசையிலிருந்தே அந்தப் பெயர் பிறந்திருக்கலாம் என்றும் சொல்வதுண்டு. தமிழிலும் ‘பம்புதல்’ என்று ஒரு பழைய வினை உண்டு: செறிதல், ஒலித்தல். கோயில் விழாக்களில் முழங்கும் பம்பைக்கும் அந்தப் பெயரில் ஓசை இருக்கிறது. ஆகவே பம்ப் தமிழ்ச்சொல்தான் என்று யாராவது கிளம்பினால் நான் அந்த ஊர்வலத்தில் இல்லை. ஒலி ஒத்துப்போவது உறவுக்குச் சான்றாகாது. ஆனால் அடிபம்பு, பம்புசெட் என்று அந்தச் சொல் நம் தெருவிலும் வயலிலும் குடியேறிவிட்டது. அதை விரட்ட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

வெப்பத்தை இப்படி ஏற்றிக் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று 1852இல் எழுதிக் காட்டியவர் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. பழைய கட்டடத்தில் இதைப் பொருத்துவது நடக்கிற காரியமா என்று சித்தப்பா சந்தேகப்பட்டபோது, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றத்தைச் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1938இல் அங்கே ஹீட் பம்ப் வைத்து, பக்கத்தில் ஓடும் லிம்மாட் ஆற்றின் குளிர்ந்த நீரிலிருந்தே வெப்பம் எடுத்தார்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அந்த எந்திரத்தை 2001இல்தான் மாற்றினார்கள். “நம் கீசர் ஆறு வருஷம்கூடத் தாங்கவில்லையே” என்றார் சித்தப்பா. போர்வெல் தண்ணீரின் உப்புப் படிவுக்குக் கீசரும் ஒன்றுதான், ஹீட் பம்பும் ஒன்றுதான் என்பதை அப்போதே சொல்லி வைத்தேன்.

தமிழில் என்ன சொல்வது? ‘வெப்பமூட்டி’ என்று எழுதுகிறார்கள், அது ஹீட்டர். இடம் மாற்றுவது என்ற சாரமே அதில் விடுபட்டுவிடுகிறது. ‘வெப்பக் குழாய்’ வேறொரு கருவியின் பெயர். ‘வெப்பமேற்றி’ என்றால் சூடேற்றுவது என்றுதான் யாரும் புரிந்துகொள்வார்கள். மிஞ்சுவது எக்கி. அதில் இன்னொரு தொல்லையும் உண்டு: அச்சுக்குப் போனால் ‘எஃகி’ ஆகிவிடும். என் கண்ணிலேயே இரண்டு முறை பட்டு, திருத்தி அனுப்பியிருக்கிறேன்.

என் வாக்கு ‘இறைப்பி’க்கு. கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவருவதற்குத் தமிழன் வைத்த வினை இறைத்தல். ஏற்றம் இறைத்தார்கள், மாடு கட்டிக் கவலை இறைத்தார்கள். இறைப்பவர்க்கு ஊற்றுநீர் மிகும் என்று குறளிலேயே (1161) வருகிறது. மழையை நம்பியது மானாவாரி, இறைத்துப் பாய்ச்சுவது இறவை என்று வேளாண்மைத் துறையினர் இன்றும் பிரித்துப் பேசுகிறார்கள். காற்று என்ற கிணற்றிலிருந்து வெப்பத்தை இறைத்துத் தொட்டியில் ஊற்றுவது வெப்ப இறைப்பி. கேட்டவுடன் காரியம் விளங்குகிறது. ஒரு குறையும் இருக்கிறது: இறைத்தல் என்றால் வாரிச் சிதறுவதும்தான். ஏ.சி.யின் வெளிப்பெட்டி தெருவில் வெப்பத்தை வாரி இறைப்பதைப் பார்த்தால் அந்தப் பொருளும் பொருந்தித்தான் தொலைக்கிறது.

‘கீசர்’ தமிழில் எப்படி வந்தது என்றும் கேட்பார்கள். ஐஸ்லாந்தில் கெய்சிர் என்று பெயர் பெற்ற ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. பொங்கிப் பீறிடுவது என்று பொருள். அந்த ஒற்றை ஊற்றின் பெயர்தான் நம் குளியலறைச் சுவரில் தொங்குகிறது. அதற்கு முன் இந்த மேன்சனில் இருந்தது செம்புப் பாய்லர்; நடுக்குழாயில் சவுக்கு விறகைப் போட்டு எரிப்பார்கள். சமையலறை ஓரத்தில் அது நின்ற இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

பொருத்திய கதை சுருக்கமானது. விற்பனையாளர் 500 லிட்டர் தொட்டியைத் தெருப்பக்க மொட்டைமாடியின் நடுவில் சாக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டியிருந்தார். தண்ணீரோடு அரை டன்னுக்கு மேல். கீழே நூறு வயதுத் தேக்கு. கொத்தனார் அந்த வட்டத்தைக் காலாலேயே அழித்துவிட்டு, பின்கட்டில் கான்கிரீட் தூண்கள் வரும் இடத்தைக் காட்டினார். வெளிப்பெட்டியை முற்றத்தில் வைக்கலாம் என்ற யோசனையும் கைவிடப்பட்டது. நான்கு சுவருக்குள் வைத்தால் அது தள்ளும் குளிர்ந்த காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொண்டிருக்கும். கிணறு வற்றின மாதிரி. துருப்பிடித்து உள்ளே விரல்கூட நுழையாத ஜி.ஐ. குழாய்களை எடுத்துவிட்டு, புதுக் குழாய்களுக்குக் கம்பளி போர்த்தியதுபோல் வெப்பக்காப்பு உறை சுற்றினார்கள். எர்த்தும் புதிது. எந்திரம் மெதுவாகத்தான் சூடாக்கும் என்பதால் இரவிலேயே ஓடி முடித்துத் தொட்டி நிறைந்து நிற்க வேண்டும் என்பதைச் சித்தப்பாவுக்குப் பழக்க ஒரு வாரம் ஆயிற்று.

ஏப்ரல் மத்தியானம் போய்ப் பார்த்தேன். மொட்டைமாடித் தரை காலைச் சுட்டது. ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் விசிறிக்கு முன்னால் கையை நீட்டினால் ஜில்லென்று காற்று. அரையடி தள்ளி, தொட்டிக்குப் போகும் செம்புக்குழாயைத் தொட முடியவில்லை. காற்றின் ஈரம் சொட்டுச் சொட்டாக வடிவதற்குக் கீழே யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்திருந்தார்கள், துளசிக்கு ஊற்றவாம். பெட்டிக்கு மேலே சுவரில் நான் எழுதிக் கொடுத்தபடியே சிவப்புப் பெயின்ட்டில் ‘வெப்ப இறைப்பி’.

மாடியைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா என்னை நகரச் சொன்னார். “கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் சார், வெந்நீர் மோட்டாருக்கு அடியில் துடைக்க வேண்டும்.”