என்.ஆர்.சி. என்றால் சத்தத்தைத் தடுப்பதா, உறிஞ்சுவதா?

ஃபால்ஸ் சீலிங் சாமான் விற்கிற கடையில் ‘மினரல் ஃபைபர் டைல்’ என்று கேட்டால், இரண்டடிக்கு இரண்டடிப் பலகை ஒன்றை மேசையில் எடுத்து வைப்பார்கள். குண்டூசியால் குத்தியது போலப் பொடிப்பொடித் துளைகள், இடையிடையே புழு அரித்த மாதிரி கீறல்கள். அது வந்த அட்டைப்பெட்டியில் ‘என்.ஆர்.சி. 0.65’ என்று அச்சிட்டிருக்கும். (குடியுரிமைப் பதிவேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) என்ன சார் இது என்று கேட்டால், “அறுபத்தஞ்சு பர்சென்ட் சத்தத்தைக் கட் பண்ணிடும்” என்று பதில் வரும். பாதி சரி. வில்லங்கம் அந்த ‘கட்’டில் இருக்கிறது.

விரித்துச் சொன்னால் நாய்ஸ் ரிடக்‌ஷன் கோஎஃபிஷியன்ட். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘இரைச்சல் குறைப்புக் கெழு’. இதில் ‘கெழு’ நல்ல சொல். கெழுமுதல் என்றால் சேர்ந்திருத்தல், நெருங்கியிருத்தல். நெருங்கிய நண்பர்களுக்குள் உள்ள உரிமையைப் பழந்தமிழில் ‘கெழுதகைமை’ என்றார்கள். இயற்கணிதத்தில் எக்ஸுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கிற எண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இலங்கைப் பாடநூல்களில் ‘குணகம்’ என்பார்கள், அதுவும் சரியே. தகராறு ‘இரைச்சல் குறைப்பு’ என்பதோடுதான். ஆங்கிலப் பெயரே கொஞ்சம் ஏமாற்றுகிறது, நாம் அதை அப்படியே தமிழில் ஏமாற வேண்டுமா?

அந்த எண் எதை அளக்கிறது என்று பார்க்க 1895-க்குப் போக வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புது விரிவுரை அரங்கில் பேசினால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்கவே ஐந்தரை வினாடி ஆனது. அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து சொற்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இதற்குப் பெயர் எதிர்முழக்கம். எதிரொலி வேறு: அது போய்த் திரும்பித் தனியாகக் காதில் விழுவது. எதிர்முழக்கம் சுவருக்குச் சுவர் மோதி, ஒன்றோடொன்று கலந்து இழுபடுவது. சரிசெய்யும் வேலை வாலஸ் கிளெமென்ட் சேபின் என்ற 27 வயது இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. ஊர் அடங்கிய பிறகு, ஓர் ஆர்கன் குழலும் நேரக்கருவியுமாக உட்கார்ந்து, பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை எடுத்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை மறுபடி மறுபடி அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது.

மெத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமே? சேபின் எடுத்துக்கொண்டது திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. ஆகவே அதன் உறிஞ்சல் முழுசாக 1. ஒரு சதுர அடித் திறந்த ஜன்னலுக்கு ஈடான உறிஞ்சலுக்குத்தான் பின்னாளில் ‘சேபின்’ என்று அவர் பெயரையே அலகாக வைத்தார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். இந்தக் கணக்குப்படி மிகச் சிறந்த ‘இரைச்சல் குறைப்பான்’ திறந்து கிடக்கிற ஜன்னல்! தெருவில் மேளம் போனால் அது எவ்வளவு ‘குறைக்கும்’ என்று சொல்லத் தேவையில்லை. என்.ஆர்.சி. பேசுவது அறைக்குள் எழும் ஒலி அறைக்குள்ளேயே எவ்வளவு திரும்புகிறது என்பதை மட்டும். வெளியே போவதையும் உள்ளே வருவதையும் பற்றி அதற்குக் கவலை இல்லை.

இன்றைக்கும் சோதனை சேபின் வழியில்தான் நடக்கிறது. அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். சி423, உலகத் தரம் ஐ.எஸ்.ஓ. 354, இந்தியாவில் ஐ.எஸ். 8225. சுவரும் தரையும் கல்லென்று இருக்கும் எதிர்முழக்க அறையில் ஒலியை எழுப்பி, சட்டென்று நிறுத்தி, அது தேயும் வேகத்தை அளப்பார்கள். முதலில் வெறும் அறையில். பிறகு டைல்களைப் பரப்பிவைத்து. வித்தியாசம்தான் டைலின் உறிஞ்சல். 250, 500, 1000, 2000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கு அதிர்வெண்களில் கிடைத்த கெழுக்களைக் கூட்டி நான்கால் வகுத்து, பக்கத்து 0.05-க்கு முழுமையாக்கினால் என்.ஆர்.சி. ஒரு டைலுக்கு 0.35, 0.55, 0.80, 0.85 என்று வந்தால் சராசரி 0.6375; பெட்டியில் 0.65 என்று ஏறும். 125 ஹெர்ட்ஸ் கணக்கிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜெனரேட்டரின் அடித்தொண்டை உறுமலைப் பற்றி இந்த எண் வாயே திறக்காது.

சில டைல்களுக்கு 1.00-ஐத் தாண்டியும் கெழு வரும். வந்த ஒலியைவிட அதிகமாகவா குடிக்கும்? இல்லை. பரப்பைக் கணக்கிடும்போது மேல்முகத்தை மட்டும் எடுக்கிறார்கள், ஒலியோ ஓரங்களில் வளைந்தும் உள்ளே இறங்குகிறது. சதவீதமாகப் படிக்காதீர்கள் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சோதனையில் டைலை எப்படி வைத்தார்கள் என்பதும் முக்கியம். ‘இ-400’ என்று போட்டிருந்தால் பின்னால் 400 மில்லிமீட்டர் காற்றிடைவெளி விட்டு அளந்தது என்று பொருள், தொங்கவிடும் சீலிங்குக்கு அதுதான் வழக்கம். அதே டைலைக் கான்கிரீட்டில் நேராக ஒட்டினால் எண் மாறும். அடித்தொனியில் நன்றாகவே இறங்கும்.

எங்கள் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர். ஒரே ஹாலைத் தடுத்து இரண்டு வகுப்பு. அடுத்த வகுப்புச் சத்தம் கேட்கிறதென்று 0.70 டைலாகப் பார்த்து வாங்கி மாட்டினார்கள். சாரின் குரல் தெளிந்தது உண்மை. கூடவே பக்கத்து வகுப்பின் பதினாறாம் வாய்ப்பாடும் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது. ஏணி போட்டு ஒரு டைலைத் தூக்கிப் பார்த்தால், தடுப்புச் சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டிருக்கிறது. மேலே இரண்டு அறைக்கும் ஒரே வெற்றிடம். ஒலி இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. அவர்கள் பார்த்திருக்க வேண்டிய எண் சி.ஏ.சி., அதாவது சீலிங் அட்டெனுவேஷன் கிளாஸ். அதற்கான ஏ.எஸ்.டி.எம். இ1414 சோதனை, மேல்வெளியைப் பகிரும் இரண்டு அறைகளை வைத்து, சீலிங் வழியே கடக்கும் ஒலி எவ்வளவு மட்டுப்படுகிறது என்று அளக்கிறது. உறிஞ்சத் துளை வேண்டும், தடுக்க எடை வேண்டும். சாதாரண ஜிப்சம் பலகை தடுப்பதில் கெட்டி, உறிஞ்சுவதில் சுழியை ஒட்டி. லேசான கண்ணாடி இழைப் பலகை நேர்மாறு. பழுப்பேறிய டைலுக்கு வீட்டு பெயின்ட்டை அப்பி, துளைகளை அடைத்து, இருந்த உறிஞ்சலையும் கெடுப்பவர்களை என்ன சொல்ல!

சி423 தரத்திலேயே பிறகு இன்னொரு எண்ணும் சேர்ந்தது: எஸ்.ஏ.ஏ. 200 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை பன்னிரண்டு அதிர்வெண் பட்டைகளில் கிடைத்த கெழுக்களின் சராசரி. பெயரின் பொருள் ‘ஒலியுறிஞ்சல் சராசரி’. உள்ளதை உள்ளபடி சொல்கிற பெயர். தமிழில் என்.ஆர்.சி.க்கும் இந்த வழியே போவது நல்லது. ‘சராசரி ஒலியுறிஞ்சு கெழு’ என்பேன். பேச்சில் ‘உறிஞ்செண்’ போதும். சி.ஏ.சி.க்கு ‘உட்கூரை ஒலித்தடுப்பு எண்’.

உட்கூரை என்பது சீலிங். ‘பொய்க்கூரை’ என்றும் எழுதுகிறார்கள். ஃபால்ஸ் என்பதைப் பிடித்துத் தொங்கும் மொழிபெயர்ப்பு. கூரைக்குக் கீழே கட்டித் தொங்கவிடும் துணிக்குத் தமிழில் ‘மேற்கட்டி’ என்று பழைய பெயர் உண்டு. வடமொழியில் வந்த ‘விதானம்’ முதலில் குறித்ததும் அதைத்தான். தொங்கு சீலிங்குக்கு மேற்கட்டி அப்படியே பொருந்தும். ஆனால் கடையில் போய் மேற்கட்டி கேட்டால் பந்தல்காரர் கடைக்கு வழி காட்டுவார்கள்.