4.21 விநாடி சொல்வதும் சொல்லாததும்

2024 மார்ச்சில் இண்டியானாபொலிஸ் நகரின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில், சேவியர் வொர்த்தி என்ற டெக்சஸ் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர் 40 கஜ தூரத்தை 4.21 விநாடியில் ஓடினார். மீட்டரில் சொன்னால் சுமார் 36.6. கல்லூரி வீரர்களை அளந்து பார்க்கும் அந்தச் சோதனையில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. 2017-ல் ஜான் ராஸ் ஓடிய 4.22 விநாடிதான் முந்தைய சாதனை. அடுத்த மாதம், தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. வொர்த்தியின் பெயர் வருவதற்குள் 27 பேர் போய்விட்டார்கள். 28-வது ஆளாகத்தான் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அவரை எடுத்தது.

இவ்வளவு வேகமான ஒருவர் ஏன் 28-வது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு மனிதனின் நாளைய திறமையை இன்றே கணிப்பது எவ்வளவு கடினம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும்.

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில், அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அந்த ஆட்டத்தில், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் 32 அணிகள் இருக்கின்றன. கல்லூரியிலிருந்து வரும் வீரர்களை இவை 1936 முதல் ‘டிராஃப்ட்’ முறையில் பிரித்துக்கொள்கின்றன. இதில் பணம் கொட்டி ஏலம் கேட்க முடியாது. போன பருவத்தில் கடைசியில் இருந்த அணிக்கு முதல் வாய்ப்பு, வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி 7 சுற்றுகள். எல்லாம் முடியும்போது 250-க்கும் மேற்பட்டவர்கள் எடுக்கப்பட்டிருப்பார்கள். முறை வந்தவுடன் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதால், யார் நல்லவர் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் முழு வேலையும்.

அந்தக் கணிப்பின் பெரிய திருவிழா, 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடந்துவரும் ‘கம்பைன்’. முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் வருவார்கள். 40 கஜ ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே தாவுவது, முன்னே தாவுவது, 225 பவுண்டு எடையைப் படுத்தபடி எத்தனை முறை தூக்க முடிகிறது என்ற கணக்கு, கூம்புகளைச் சுற்றித் திரும்பி ஓடுவது. உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் என்று எதையும் விடமாட்டார்கள். இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களை வரிசையாக நிற்கவைத்து அளப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு சங்கடப்படும். வெளியே அதிகம் பேசப்படாவிட்டாலும் அணிகளுக்கு மிக முக்கியமானது மருத்துவப் பரிசோதனைதான். முன்பு அறுவை செய்த முழங்கால் இன்னும் எத்தனை வருடம் தாங்கும் என்பதை 4.21 விநாடி சொல்லாது.

சரி, அந்த ஓட்டத்துக்கே வருவோம். வொர்த்தி அன்று இரண்டு முறை ஓடினார். முதல் முறை 4.25, இரண்டாம் முறை 4.21. அதே கால்கள், அதே தரை, அதே நாள். ஆனாலும் 0.04 விநாடி வித்தியாசம். சாதனைக்கும் பழைய சாதனைக்கும் இடையில் இருந்ததோ வெறும் 0.01. உச்ச வேகத்தில் ஓடுபவர் விநாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கடக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 0.01 விநாடி என்பது 10 சென்டிமீட்டர். இன்னொரு விஷயமும் இருக்கிறது. கம்பைனில் ஓட்டத்தின் முடிவை ஒளிக்கற்றை பதிவு செய்தாலும், ஓடுபவர் அசைந்ததைப் பார்த்துக் கடிகாரத்தைத் தொடங்கிவைப்பவர் ஒரு மனிதர். கண் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஏறக்குறைய 0.2 விநாடி போய்விடும். அந்தத் தாமதம் எல்லோருக்கும் ஒரே அளவாக இருந்தால் பிரச்சினை இல்லை. ஆளுக்கு ஆள், ஓட்டத்துக்கு ஓட்டம் அது கொஞ்சம் மாறும். எந்த அளவீட்டிலும் உண்மையான திறமையும் அன்றைய தற்செயலும் கலந்தே வரும். ஆகவே 4.40-க்கும் 4.43-க்கும் இடையில் ஒரு வீரனின் தலையெழுத்தை நிர்ணயிப்பது சரியில்லை.

எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வொர்த்தி சுமார் 75 கிலோதான், இந்த ஆட்டத்துக்கு மிக ஒல்லி. பந்தை ஏந்தி ஓடுபவர்களுக்காக பில் பார்ன்வெல் என்ற எழுத்தாளர் ஓர் எளிய கணக்கைத் தந்தார். பவுண்டில் எடையை 200-ஆல் பெருக்கி, அதை ஓட்ட நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுக்க வேண்டும். இருவர் 4.45 விநாடியில் ஓடுகிறார்கள், ஒருவர் 220 பவுண்டு, மற்றவர் 190 என்று வையுங்கள். முதலாமவருக்கு 112 வருகிறது, இரண்டாமவருக்கு 97. கடிகாரத்தில் சமமாகத் தெரிந்த இருவர் மோதலில் சமமில்லை என்பதை இந்தக் கணக்கு பிடித்துவிடுகிறது.

இதில் ஒரு புள்ளியியல் பொறியும் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்தது அதுதான். தொழில்முறை லீகுக்குள் வந்துவிட்டவர்களை மட்டும் எடுத்து, 40 கஜ ஓட்ட நேரத்துக்கும் ஆட்டத்தில் வெற்றிக்கும் தொடர்பு தேடினால் அது பலவீனமாகவே தெரியும். அப்படியென்றால் வேகம் முக்கியமில்லையா? அவசரப்படக் கூடாது. ஓர் உதாரணம் சொல்கிறேன். மதிப்பெண் குறைவாக இருந்தும் ஓர் அலுவலகம் ஒருவரை வேலைக்கு எடுத்திருந்தால், அவரிடம் வேறு ஏதோ பெரிய திறமை இருந்திருக்க வேண்டும். அலுவலகத்துக்குள் இருப்பவர்களை மட்டும் பார்த்தால், மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறனுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தோன்றும். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கணக்கில் இல்லை அல்லவா! 4.62 விநாடியில் ஓடிய கூப்பர் கப் 2017-ல் 69-வது ஆளாக எடுக்கப்பட்டார். 2021 பருவத்தில் 145 முறை பந்தைப் பிடித்து அணியை மொத்தம் 1,947 கஜம் முன்னேற்றினார். அவரைக் காட்டி வேகம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. எங்கே திரும்புவது, எப்போது வேகத்தைக் குறைப்பது என்ற நுட்பம் அவரிடம் அசாதாரணமாக இருந்ததால்தான் அந்த நேரத்தோடும் உள்ளே வர முடிந்தது.

அந்த நுட்பத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியாது, வீடியோவில்தான் தேட வேண்டும். ஸ்கவுட் என்று அழைக்கப்படும் தேர்வாளர்கள், மைதானத்தின் 22 பேரும் தெரியும்படி மேலிருந்து எடுத்த காட்சிகளை முன்னும் பின்னும் ஓட்டி மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். இங்கே சிக்கல் வேறு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன் அரண்போல நிற்கும் ஐந்து பேர் பலசாலிகளாக இருந்தால் நிதானமாக எறிய நேரம் கிடைக்கும். பிடிப்பவர் திறமைசாலியாக இருந்தால் சுமாரான எறிதலும் அழகாக முடியும். எதிரணி பலவீனமாக இருந்தால் புள்ளிகள் குவியும். இத்தனையையும் கழித்துவிட்டு, மிச்சத்தில் இவருடைய பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். வயதையும் பார்க்க வேண்டும். 20 வயதில் சாதித்தவரும் 23 வயதில் அதையே செய்தவரும் ஒன்றல்ல, பின்னவர் தன்னைவிடச் சின்னப் பையன்களோடு மோதியிருக்கிறார்.

ஒரே வீடியோவை மூன்று தேர்வாளர்கள் பார்த்தால் மூன்று விதமாக எழுதுவார்கள். இதைச் சரிசெய்ய 1960-களிலேயே டல்லாஸ் கௌபாய்ஸ் அணி கணினியைத் தேடிப் போனது. அப்போது அவர்களுக்கு உதவியவர் சலாம் குரேஷி என்ற இந்தியர், ஐ.பி.எம்.மின் துணை நிறுவனத்தில் வேலை பார்த்த புள்ளியியலாளர். அவருக்குக் கிரிக்கெட் தெரியும், அமெரிக்கக் கால்பந்து தெரியாது. தேர்வாளர்கள் வாய்க்கு வந்தபடி சொல்லிவந்த எண்ணற்ற குணங்களை அவர் கேட்டு வாங்கி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போனவற்றைச் சேர்த்துச் சேர்த்து, குணநலன், சுறுசுறுப்பும் உடல் கட்டுப்பாடும், போட்டி மனப்பான்மை, மனக் கூர்மை, பலமும் வெடித்துக் கிளம்பும் வேகமும் என்று ஐந்துக்குள் கொண்டுவந்தார். ‘இவன் சரியான ஆளு’ என்ற பொத்தாம்பொதுவான பாராட்டு எண்ணாக மாறியது. எண்ணாக மாறினால்தானே ஒருவரின் கணிப்பை இன்னொருவரின் கணிப்போடு ஒப்பிட முடியும். ஆட்டம் தெரியாததே அவருக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன், எந்த வார்த்தையையும் அவர் பழக்கதோஷத்தில் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்.

மனத்தை அளப்பதில் இன்னும் பெரிய வெற்றி கிடைக்கவில்லை. 12 நிமிடத்தில் 50 கேள்விகள் கேட்கும் வொண்டர்லிக் தேர்வு பல ஆண்டுகள் கம்பைனில் இருந்தது. 2022-ல் அதை நிறுத்திவிட்டார்கள். 2023-ல் சி.ஜே. ஸ்ட்ரவுட் வேறொரு மூளைத்திறன் தேர்வில் மோசமான மதிப்பெண் எடுத்ததாகச் செய்தி கசிந்தது. ஹூஸ்டன் டெக்சன்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் அவரை 2-வது ஆளாக எடுத்தது. அந்தப் பருவத்தின் சிறந்த புதிய தாக்குதல் வீரர் விருது அவருக்கே கிடைத்தது. ஒரு பையனின் அந்தரங்க மதிப்பெண்ணை ஊருக்கே கசியவிட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இத்தனை அளவீடும் சேர்ந்து எவ்வளவு தூரம் கணிக்கிறது? பொருளாதார அறிஞர்கள் கேட் மாஸியும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் இதை ஆராய்ந்தார்கள். ஒரே நிலையில், உதாரணமாகக் குவார்ட்டர்பேக்காக, ஆடும் இருவரில் ஒருவர் முதலில் எடுக்கப்பட்டு, அதே நிலைக்கு அடுத்ததாக மற்றவர் எடுக்கப்பட்டால், முன்னவர் சிறப்பாக ஆடும் வாய்ப்பு 52 விழுக்காடு என்று அவர்கள் கண்டார்கள். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம்தான் மேல்! முதல் சுற்று வீரர்கள் ஏழாம் சுற்று வீரர்களைவிட மேலானவர்கள் என்பது உண்மைதான். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களைப் பிரிக்கும்போதுதான் கண் மங்குகிறது.

ஆனால் அணிகள் கண் தெளிவாக இருப்பது போலவே நடந்துகொள்கின்றன. அணிகள் தங்கள் வாய்ப்புகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதும் உண்டு. அதற்காக 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் அணி உருவாக்கிய மதிப்பு அட்டவணையில் முதல் வாய்ப்புக்கு 3,000 புள்ளி, 16-வதுக்கு 1,000, 32-வதுக்கு 590. பின்னால் கிடைக்கும் பல வாய்ப்புகளைக் கொடுத்து முன்னால் ஒன்றை வாங்கும் பேரங்கள் இன்றும் நடக்கின்றன. எதிர்த்திசையில் போவதுதான் அறிவு என்பது ஆய்வாளர்கள் சொன்னது, எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. கணிப்பு மங்கலாக இருக்கும்போது ஒருவரையே நம்பி எல்லாவற்றையும் கொடுப்பதைவிட இரண்டு மூன்று பேரை எடுத்துப் பார்ப்பது மேல். குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 2000-ல் 199-வது ஆளாக எடுக்கப்பட்டார். அவரது 40 கஜ ஓட்டம் 5.28 விநாடி. அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போயிருந்தார்கள். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை அவர் 7 முறை வென்றார். 2022-ல் 262-வதாக, கடைசி ஆளாக வந்த பிராக் பர்டி இரண்டே ஆண்டுகளில் சான் பிரான்சிஸ்கோ அணியை சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார்.

ஏழு சுற்றும் முடிந்த அடுத்த நிமிடமே அணி அலுவலகங்களில் இன்னொரு வேலை தொடங்கும். எடுக்கப்படாமல் போனவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் பறக்கும். இப்படித்தான் 2003-ல் சான் டியேகோ சார்ஜர்ஸ் அணி அன்டோனியோ கேட்ஸ் என்பவரைச் சேர்த்துக்கொண்டது. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடியது கூடைப்பந்து. கல்லூரிக் கால்பந்தில் அவருக்கு ஒரு நிமிட வீடியோகூடக் கிடையாது. 2025-ல் அவர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.