கல்லில் இலைத் தடம் கண்டால்: பெயர் வைக்க அவசரம் வேண்டாம்

மறுநடவுக்கு மேடு வெட்டும்போதோ தோட்டச் சாலைக்கு மலையைச் சரிக்கும்போதோ சாம்பல் நிறக் களிக்கல்லில் இலைத் தடம் தெரிந்தால், அது உடனே வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறது. யாராவது 'குளோசோப்டெரிஸ்' என்று, அழிந்துபோன ஒரு தாவரத்தின் புதைபடிவப் பெயரைப் பதிலாகப் போடுவார். இந்தியப் பாடநூல்களில் அடிபடும் பெயர், நமக்குப் பழக்கம். ஆனால் குளோசோப்டெரிஸ் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா போன்றவை ஒன்றாயிருந்த பண்டைய தென்கண்டத்தின் தாவரம். மலேசியாவின் ஜொகூரில், குளுவாங்கை அடுத்த குனோங் பெலுமுட் பகுதியிலிருந்து 1971-இல் விவரிக்கப்பட்ட லிங்கியூ புதைபடிவத் தாவரத் தொகுதியோ, பெர்மியன் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தது, 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அதன் உறவு சீனத்தின் அக்காலத் தாவரங்களோடு. நடுநரம்பும் வலைப்பின்னலும் தெரிந்தால் மட்டும் பெயர் சொல்லிவிட முடியாது.

பெயர் ஒட்டியிருப்பது மரத்தோடு அல்ல, கையிலுள்ள துண்டோடு. லெபிடோடென்ட்ரான் என்பது அழிந்துபோன ஒரு மரவகையின் தண்டு; அதே வகை மரத்தின் வேர்ப்பகுதி ஸ்டிக்மேரியா, கூம்பு லெபிடோஸ்ட்ரோபஸ். உறுப்புகள் தனித்தனியே புதைந்ததால் பெயர்களும் தனித்தனி. ஆர்க்கியோப்டெரிஸ் என்ற இலையும் காலிக்ஸைலான் என்ற மரக்கட்டையும் ஒரே தாவரம் என்று தொல்தாவரவியலாளர் சார்லஸ் பெக் 1960-இல் காட்டியது, இரண்டும் இணைந்திருந்த படிவம் கிடைத்ததால்தான். ஆகவே இலையோடு சிறு கிளை ஒட்டியிருந்தால், 'அழகாக' இலையை மட்டும் செதுக்கி எடுப்பதைவிடப் பெரிய சேதம் இல்லை.

புதிய புதைபடிவ இனப் பெயருக்குத் தாவரப் பெயரிடல் விதிகள் விவரிப்போடு படமும் கேட்கின்றன. 1912 முதலே படம் கட்டாயம். மூல மாதிரியாக ஒரு கல்லைக் குறிப்பிட வேண்டும், 1990 முதல் அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும், 2001 முதல் படங்களில் ஒன்றாவது அந்த மாதிரியினுடையது என்று அடையாளம் காட்ட வேண்டும். வரவேற்பறை அலமாரியில் ஊதுபத்திப் புகை படியும் கல்லை நம்பி யார் பெயர் வைப்பார்?

களிக்கல் பிளந்தால் அச்சு, எதிரச்சு என்று இரண்டு பக்கம். இரண்டையும் எடுங்கள், ஒன்றில் நரம்பு துல்லியமாக இருக்கலாம், மற்றதில் கரிப்படலம், அதாவது கரியாகிப்போன இலையின் மெல்லிய ஏடு, ஒட்டியிருக்கலாம். கல் இருந்த இடத்திலேயே பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் நரம்பின் நிழல் எழும். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஜிபிஎஸ் எண், எந்த அடுக்கிலிருந்து எடுத்தது, தேதி எல்லாம் பென்சிலால் எழுதித் தாளோடு கட்டுங்கள். தளர்ந்து கிடந்த கல் என்றால் அதையும் எழுதுங்கள்: லோரியில் வந்து கொட்டிய மண்ணாகவும் இருக்கலாம்.

கழுவாதீர்கள், பல்துலக்கி படவே கூடாது, கரிப்படலம் உரிந்துவிடும். வெயிலில் காயவைத்தால் களிக்கல் சுருங்கி ஏடு ஏடாகப் பிரியும். செய்தித்தாளில் சுற்றி நிழலில் மெல்ல உலர விடுங்கள். வார்னிஷ், சூப்பர் குளூ இரண்டும் வேண்டாம். ஆய்வகத்தில் இலையின் மேல்தோலை நைட்ரிக் அமிலமும் பொட்டாசியம் குளோரேட்டும் கொண்டு பிரித்து, செல்களையும் இலைத்துளைகளையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வார்னிஷ் பூசிய கல்லில் அது பெரும்பாலும் நடக்காது. கெட்டிப்படுத்த அவர்கள் பயன்படுத்தும் பாரலாய்டு பி-72 என்ற பிசின், பிறகு அசிட்டோனில் கரைத்து நீக்கக் கூடியது. இந்த அமில வேலையை வீட்டில் முயலவே வேண்டாம்.

பெரணி இலை மாதிரி கறுப்பாகக் கிளைத்திருப்பதெல்லாம் பெரணி அல்ல. மாங்கனீசு ஆக்சைடு விரிசல் வழியே ஊறிப் படிந்தாலும் அதே வடிவம் வரும். அதில் நடுநரம்பு இருக்காது, கிளைகள் விரிசல் ஓரத்திலிருந்தே தொடங்கும். செம்மண்ணில் இரும்புத் துரு படிந்த குழாய் வடிவங்கள் பல, பால்மரத்தின் அல்லது செம்பனையின் பழைய வேர்த்தடங்களே.

தோட்ட நிலம் என்றால் நிர்வாகத்தின் அனுமதி, வனக்காப்பு நிலம் என்றால் வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு எடுங்கள். பிறகு கனிம, புவி அறிவியல் துறைக்கோ பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ படத்தையும் இடத்தையும் அனுப்பலாம். மழைக்குப் பின் வெட்டிய சரிவின் அடியில் நிற்காதீர்கள். ஈரக் களிக்கல் முன்னறிவிப்பின்றிச் சரியும்.