இரண்டு பக்கம் ஒரு தாளில் அடங்க 71 ஏன்?

பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். வினாத்தாளின் இரண்டு ஏ4 பக்கங்களைச் சுருக்கி ஒரே ஏ4 தாளில் நகலெடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறார். பாதியாகத்தானே சுருங்க வேண்டும் என்று அவர் 50 விழுக்காடு வைக்கச் சொல்ல, கடைக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் 71 என்று அழுத்தியிருக்கிறார். இரண்டு பக்கங்களும் தாளில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. அந்த 71 எங்கிருந்து வந்தது என்பதே அவருடைய கேள்வி.

முதல் பாதி விடை எளிது. இயந்திரம் கேட்பது நீள விகிதம். ஆசிரியை மனத்தில் வைத்திருந்தது பரப்பு விகிதம். நீளத்தையும் அகலத்தையும் 50 விழுக்காடாக்கினால் பரப்பு நாலில் ஒன்றாகிவிடும். தாளில் நான்கு பக்கங்கள் அடங்கும். பரப்பு பாதியாக வேண்டுமானால், தன்னோடு தானே பெருக்கும்போது 0.5 தருகிற எண் வேண்டும். அது 0.7071 என்று தொடங்குகிறது. 71 என்பது அதன் முழுதாக்கம்.

ஆனால் பரப்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது, வடிவமும் பொருந்த வேண்டும். அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாள் 11 அங்குல நீளமும் 8.5 அங்குல அகலமும் உடையது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1.29. அதைக் குறுக்கே பாதியாக்கினால் 8.5க்கு 5.5, அதாவது 1.55; சற்றே நீண்டு மெலிந்த வேறொரு வடிவம். அங்கே இரண்டு பக்கங்களை ஒரு தாளில் அடக்க 65 விழுக்காட்டுக்கும் கீழே இறங்க வேண்டும். அப்படி இறங்கியும் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1.4 அங்குல அளவுக்கு இடம் வீணாகும். ஏ4 தாளில் அந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், பாதியாக மடித்தாலும் அதன் விகிதம் மாறாது என்பதே.

இப்படிப்பட்ட விகிதம் எது? அகலம் 1, நீளம் ந என்று கொள்வோம். மடித்தபின் முன்பு அகலமாக இருந்த 1 நீளமாகிவிடுகிறது. நீளத்தில் பாதி, அதாவது ந/2, அகலமாகிறது. ந : 1 என்பதும் 1 : ந/2 என்பதும் சமமாக வேண்டும். விகிதசமத்தில் முனை உறுப்புகளின் பெருக்கற்பலனும் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனும் சமம் என்று ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படித்ததை இங்கே போட்டால், ந-வின் வர்க்கம் 2 என்று வந்து நிற்கிறது. வேறு எந்த விகிதமும் இந்த நிபந்தனைக்கு உட்படாது. முகநூலில் நத்தை ஓட்டிலும் நடிகையர் முகத்திலும் 'பொன் விகிதம்' கண்டுபிடிப்பவர்கள், ஒரே வரியில் நிறுவத்தக்க பயனுடைய இந்த விகிதத்தை மறந்தும் பாராட்டுவதில்லை என்பது எனக்குச் சற்று மனக்குறை.

இதை முதலில் வியந்தவர்களில் ஒருவர் கியோட்டிங்கன் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர் லிக்டன்பெர்க். 1786இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம்மிடம் இயற்கணிதம் படித்த ஆங்கிலேய இளைஞர் ஒருவருக்கு இதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுத்ததையும், விடையைக் கையில் வைத்துக்கொண்டு கத்தரிக்கோலோடு எழுதுதாளை எடுத்தபோது அந்தத் தாள் ஏற்கெனவே அதே விகிதத்தில் இருந்ததையும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். 1922இல் ஜெர்மனி இதைத் தன் தரநிலையாக்கியது. 1975இல் அது பன்னாட்டுத் தரநிலையாயிற்று. ஏ0 தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர்; அதை நான்கு முறை பாதியாக்கினால் ஏ4. ஆகவே 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். கட்டின் மேல் 80 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம், என்று போட்டிருந்தால் ஒரு தாளின் எடை 5 கிராம்.

மேசைமேல் ஒரு ஏ4 தாள் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுகிய விளிம்பு நீண்ட விளிம்பின்மேல் சரியாகப் படியும்படி ஒரு மூலையை மடியுங்கள். உண்டான சாய்ந்த மடிப்புக்கோடு, 210 மி.மீ. பக்கமுள்ள சதுரத்தின் மூலைவிட்டம். இன்னொரு தாளின் நீண்ட விளிம்பை அதன்மேல் வைத்தால் இரண்டு நுனிகளும் ஒட்டிக்கொள்ளும். கணக்கில் பார்த்தால், 210இன் வர்க்கத்தின் இரு மடங்கு 88,200. 297இன் வர்க்கம் 88,209.

அந்த ஒன்பதில்தான் எனக்குப் பிடித்த செய்தி ஒளிந்திருக்கிறது. 2இன் வர்க்கமூலத்தை எந்த இரு முழு எண்களின் விகிதமாகவும் எழுத முடியாது. அதனால்தான் அதற்கு விகிதமுறா எண் என்று பெயர். தாள் வெட்டுகிறவர்களுக்கோ மில்லிமீட்டரில் முழு எண் வேண்டும். 297 : 210 என்பதைச் சுருக்கினால் 99 : 70. இந்த 99உம் 70உம் ஒரு பழைய வரிசையின் உறுப்புகள். 1 : 1 என்று தொடங்குங்கள். முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் இரு மடங்கைக் கூட்டினால் அடுத்த முதல் எண். இரண்டையும் வெறுமனே கூட்டினால் அடுத்த இரண்டாம் எண். 3 : 2, 7 : 5, 17 : 12, 41 : 29, 99 : 70 என்று வரும். ஒவ்வொன்றிலும் முதல் எண்ணின் வர்க்கம், இரண்டாம் எண்ணின் வர்க்கத்தின் இரு மடங்கிலிருந்து ஒன்றே ஒன்று மட்டும் விலகும்: 9க்கு 8, 49க்கு 50, 289க்கு 288, 1681க்கு 1682, 9801க்கு 9800. எண்கள் பெருத்துக்கொண்டே போக, விலகல் மட்டும் ஒன்றைத் தாண்டாததால், விகிதம் உண்மையை நெருங்குகிறது. ஏ0 தாளின் 1189க்கு 841 என்ற அளவை 29ஆல் வகுத்துப் பாருங்கள், 41 : 29 வரும். மில்லிமீட்டருக்கு முழுதாக்கியதில் யாரும் நினையாமல் நேர்ந்த பொருத்தம் இது.

இதே வரிசையில் இன்னும் இரண்டு படி ஏறினால் 239 : 169, பிறகு 577 : 408. வேள்வி மேடைக்குச் செங்கல் அடுக்க அளவு சொன்ன பௌதாயன சுல்ப சூத்திரம், சதுரத்தின் மூலைவிட்டத்துக்குத் தருகிற மதிப்பும் இதுதான்: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டு, அந்த மூன்றில் ஒன்றின் நாலில் ஒன்றையும் கூட்டு, அதில் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழி. விமானமும் அணுவும் நம்மிடம் இருந்தன என்று மேடையில் முழங்குகிறவர்கள், உண்மையில் இருந்த இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கலாம். 210 மி.மீ. பக்கத்துக்கு அது தரும் மூலைவிட்டம் 296.985 மி.மீ.; நம் ஏ4 தாள் அதைவிட 0.015 மி.மீ. நீளம். சாதாரணத் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.